புகையிலை ஊரில் பகல் டியூட்டி

நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் பதினோரு வருஷம் குடியிருந்த நாங்கள் நார்த் கரோலினாவுக்கு வீடு மாறியது என் கணவரின் வேலைக்காக. மருந்து ஆலைகளில் புதிதாக நிறுத்தும் இயந்திரங்கள் சொன்னபடி ஓடுகின்றனவா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் தொழில். அவருடைய கம்பெனி, எங்களில் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு கிராமப்புறக் கவுண்டியில் பெரிய ஆலை ஒன்று கட்டியது. என் வேலைக்கு இடம் ஒரு பிரச்சினை இல்லை. கலிபோர்னியாவின் பே ஏரியாவில் இருக்கும் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே டெஸ்டிங் செய்கிறேன். லேப்டாப் எங்கே இருக்கிறதோ அதுதான் ஆபீஸ்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போனோம். கும்பிட்டுவிட்டுக் கேன்டீனில் தோசை சாப்பிடும்போது தோழி ஒருத்தி கேட்டாள்.

"அங்க யாருடி இருக்கா? இட்லி மாவுகூட கிடைக்காது. வீக்கெண்ட்ல என்ன பண்ணுவ?"

"வீடு பெருசா வரும். பேக்யார்ட் இருக்கு," என்றேன்.

கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. இந்தக் கவுண்டி மூன்று நான்கு தலைமுறையாகப் புகையிலையில் வாழ்ந்தது. பிறகு அரசாங்கம், யார் எவ்வளவு விளைவிக்கலாம் என்று அளவு வைத்து விலையைத் தாங்கிப்பிடித்த கோட்டா முறையை முடித்துக்கொண்டது. பெரும்பாலானவர்கள் சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கும் சோயாவுக்கும் மாறினார்கள். பலர் நிலத்தை விற்றார்கள். நாங்கள் போய் இறங்கியபோது ஹைவேயின் ஒரு பக்கம் ஆலையின் வெள்ளைக் கட்டடம் பளபளத்தது. மறுபக்கம் கிழங்கு வயலின் ஓரத்தில், புகையிலை உலர்த்திய உயரமான மரக் கொட்டகைகள் தகரக் கூரை துருப்பிடித்து ஒருக்களித்து நின்றன. டவுனில் புகையிலை ஏலம் விட்ட செங்கல் கிடங்குகள் ஒரு தெரு முழுக்க இருந்தன. ஒன்று ஜிம் ஆகியிருந்தது, ஒன்று கல்யாண மண்டபம் மாதிரி வாடகைக்கு விடும் ஹால். இன்னொன்றின் முன்பகுதியில் ஒரு குஜராத்தித் தம்பதி மளிகைக் கடை வைத்திருந்தார்கள். இட்லி மாவு கிடைத்தது. மழை நாளில் அந்தக் கடைக்குள் நுழைந்தால் பெருங்காய வாசனைக்கு அடியில் பழைய புகையிலை வாசனையும் லேசாக வரும்.

நாங்கள் வீடு வாங்கிய புதுக் குடியிருப்பும் (இங்கே அதைக் கம்யூனிட்டி என்பார்கள்) ஒரு புகையிலை வயலில் கட்டியதுதான். ஏறக்குறையப் பாதி வீடுகளில் இந்தியர்கள். எல்லாருக்கும் இரண்டு கார் நிற்கும் கராஜ், எல்லா வீட்டு முன்னாலும் ஒரே மாதிரி மேப்பிள் கன்று. முதல் வருஷம் கம்யூனிட்டிக்கு வெளியே இருக்கும் யாரையும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அந்த இலையுதிர் காலம் மழையே இல்லை. ஒரு வியாழக்கிழமை மதியம் கலிபோர்னியாவோடு மீட்டிங்கில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே புகை தெரிந்தது. எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்குப் பின்னால் கேபிள் பதிக்க மண் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரத்திலிருந்து பொறி பறந்து காய்ந்த புல் பிடித்துக்கொண்டது. 911-க்கு ஃபோன் செய்துவிட்டு வெளியே ஓடினேன். ஏழெட்டுப் பேர் தோட்டத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றோம். அந்தக் குழாயில் வரும் தண்ணீர் ரோஜாச் செடிக்குத்தான் போதும். நெருப்பு நிதானமாக, யாருக்கும் பயப்படாமல், எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

தீயணைப்பு வண்டி வர நெடுநேரம் ஆயிற்று. வந்த வண்டியிலிருந்து இரண்டே பேர் இறங்கினார்கள். ஒருவர் அறுபது தாண்டிய, வெள்ளை மீசை வைத்த மனிதர். இன்னொருவர் ஏறக்குறைய என் வயதுப் பெண். ஸ்கூல் பஸ் ஓட்டுநர் ஜாக்கெட்டின் மேலேயே தீயணைப்பு உடுப்பை மாட்டியிருந்தார். இரண்டு பேரும் அதிகம் பேசாமல் நெருப்பைச் சுற்றி வந்து அணைத்தார்கள். வேலியில் மூன்று கட்டை கருகியதோடு போயிற்று.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்த மனிதரிடம் போய், "இவ்வளவு நேரம் ஏன்?" என்று கேட்டேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர்தான் அந்த ஸ்டேஷனின் சீஃப் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"மேம், நாங்க எல்லாரும் வாலண்டியர்கள். சம்பளம் கிடையாது. புகையிலை போட்ட காலத்துல சைரன் அடிச்சா டிராக்டரை அப்படியே நிறுத்திட்டு வயல்லேருந்து இருபது பேர் ஓடி வருவாங்க. இப்ப அவங்க எல்லாரும் ஆலையில இருக்காங்க, குடோன்ல இருக்காங்க. நடுவுல விட்டுட்டு வர முடியாது." ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "வேலை வந்தது நல்லதுதான். என் மகனே அந்த ஆலையிலதான் இருக்கான். ராத்திரி கூப்பிட்டா எனக்கு ஆள் இருக்கு. பகல்ல இல்ல."

அந்த மாதக் கடைசியில் ஸ்டேஷனில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். நானும் கணவரும் போனோம். தீயணைப்பு நிலையங்களைத் தரம் பார்க்கும் பரிசோதகர் அடுத்த வருஷம் வருகிறார். பகலில் ஆள் வராத நிலையம் தேறாது. தேறாவிட்டால் கதவைச் சாத்திவிட்டு டவுன் ஸ்டேஷனோடு சேர்க்க வேண்டியதுதான். அங்கிருந்து எங்கள் பக்கம் வர இன்னும் நேரமாகும். எங்கள் கம்யூனிட்டியிலிருந்து வந்தவர்கள் வரி கட்டுகிறோமே என்றார்கள். பழைய ஊர்க்காரர்கள் நீங்கள் வருவதற்கு முன்னால் இங்கே எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்றார்கள். சீஃப் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"யார் சரி, யார் தப்புன்னு எனக்குத் தெரியல. காலைல எட்டுலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் இந்தப் பக்கத்துல யார் இருக்கீங்க? அது மட்டும் சொல்லுங்க."

ஹாலில் யாரும் கை தூக்கவில்லை. நான் மனசுக்குள் எங்கள் தெருவை எண்ணிப் பார்த்தேன். எதிர் வீட்டில் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர், மூலை வீட்டில் பேங்க் மென்பொருள் எழுதும் தெலுங்குப் பெண், அடுத்த தெருவில் கோயம்புத்தூர்க்காரர். எல்லாரும் பகல் முழுக்க வீட்டில்தான். இந்தக் கவுண்டியில் பகலில் ஆள் இருக்கும் ஒரே இடம் எங்கள் கம்யூனிட்டி. ஆலையும் சாலையும் வந்ததால் போன ஆட்களுக்குப் பதிலாக, அதே ஆலையும் சாலையும் எங்களைக் கொண்டுவந்து போட்டிருக்கின்றன. இது எனக்குப் புரிந்தபோது என் கை ஏற்கெனவே மேலே இருந்தது.

காரில் ஏறியதும் கணவர் கேட்டார்.

"நிஜமாவா சொன்ன? ஃபயர் என்ஜின்ல ஏறப் போறியா?"

"நான் மட்டுமில்ல. நாலு பேரைக் கூட்டிட்டு வரேன்னு சீஃப்கிட்ட வேற சொல்லிட்டேன்."

"மீட்டிங் நடுவுல கூப்பிட்டா?"

"எழுந்து போவேன். டெஸ்ட் கேஸ் எங்கயும் ஓடிடாது."

அவர் சிரித்தார். பிறகு, "அந்த டிரெஸ் வெயிட்டா இருக்குமாம். முட்டியைப் பாத்துக்கோ," என்றார். எங்கள் வீட்டில் சம்மதம் இப்படித்தான் வரும். பத்தாவது படிக்கும் மகள் மட்டும் நம்பவில்லை. "அம்மா, ஆர் யூ சீரியஸ்? யூ ஸ்க்ரீம் அட் ஸ்பைடர்ஸ்," என்றாள். அது உண்மைதான்.

எங்கள் கம்யூனிட்டித் தமிழர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. கார்பூல், கொலு அழைப்பு, வீடு மாறி வந்த பார்சல் யாருடையது என்பதுதான் அதில் வரும். அதில் விஷயத்தை எழுதினேன். சாயங்காலம் கோயம்புத்தூர்க்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவர். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் தொப்பை.

"ஏனுங்க்கா, நானும் வர்றனுங்க. காலையிலேருந்து அந்த ரூமுக்குள்ளயே உக்காந்து எனக்குப் பைத்தியமே புடிச்சிருமாட்ட இருக்குது."

அவர் வந்ததும் தெலுங்குப் பெண் வந்தார். பிறகு இன்னும் இரண்டு பேர். என் மேலாளருக்கு விளக்கிச் சொன்னேன். திரையில் அவர் முகம் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது; நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "காலண்டரில் அதை என்னவென்று போடுவீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

பயிற்சி ஆறு மாதம். வாரத்தில் இரண்டு சாயங்காலம், சனிக்கிழமை முழுநாள். முதல் மாதம் உடுப்பையும் மூச்சுக் கருவியையும் மாட்டிக்கொண்டு ஏணியில் நாலு படி ஏறினாலே கண் இருட்டும். சுவர் உடைப்பதிலும் கூரையில் ஏறுவதிலும் நான் தேற மாட்டேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. சீஃபும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் கூப்பிட்டு, "மேம், லாரி ஓட்டுவீங்களா?" என்றார்.

இந்தப் பக்கம் கிராமத்துச் சாலைகளில் தண்ணீர்க் குழாய் கிடையாது. நெருப்பு பிடித்த இடத்துக்குத் தண்ணீரை லாரியில்தான் கொண்டுபோக வேண்டும். மடக்கக்கூடிய தொட்டி ஒன்றைத் தரையில் விரித்து அதில் கொட்டிவிட்டு, அடுத்த லோடுக்கு ஓட வேண்டும். ஹோஸ் பிடிக்க ஆள் கிடைப்பார்கள். லாரியைப் பதற்றமில்லாமல் ஓட்டத்தான் ஆள் கிடையாது.

அம்பத்தூரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் சொன்னேன்.

"என்ன ஓட்டறே?"

"தண்ணி லாரிம்மா."

நான் பள்ளிக்கூடம் போன வருஷங்களில் எங்கள் தெருவுக்கு வாரத்தில் இரண்டு நாள் தண்ணி லாரி வரும். ஆறு குடத்தோடு வரிசையில் நின்றவள் அம்மா.

"நம்ம தெருக்கு வர்றவன் மாதிரி தலைகால் தெரியாம ஓட்டாதே. ஜனங்க நிப்பாங்க," என்றாள்.

எனக்கு லாரி சொல்லிக்கொடுத்தது அந்த ஸ்கூல் பஸ் ஓட்டும் பெண். பதினோரு வயதில் புகையிலை ஏற்றிய டிரெய்லரை வயலில் ஓட்டியவராம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும் மதியம் பள்ளி விடும்வரை அவருக்கு நேரம் உண்டு. எங்களைவிட மூன்று மணி நேரம் பின்னால் இருக்கும் கலிபோர்னியா விழிப்பதற்கு முன்னால் எனக்கும் ஒரு மணி நேரம் உண்டு. தொட்டி நிறைந்த லாரியைவிடப் பாதி நிறைந்த லாரிதான் ஆபத்து என்றார். உள்ளே தண்ணீர் அலைந்து, பிரேக் போட்ட பிறகும் பின்னாலிருந்து தள்ளும். முதல் வாரமே வளைவில் அது என்னைத் தள்ளி, சர்ச் வாசலில் இருந்த தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டேன். இறங்கி அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதை நான் ரெண்டு தடவை இடிச்சிருக்கேன்," என்றார்.

அன்று சாயங்காலம் நானும் கணவரும் போய்க் குழி தோண்டிப் புதுக் கம்பம் நட்டுவிட்டு வந்தோம்.

லாரி ஓட்ட வந்த பிறகு வேறு ஒன்று கண்ணில் பட்டது. தண்ணீர் எடுக்கும் இடங்கள் என்று ஸ்டேஷனில் ஒரு பட்டியல் மாட்டியிருந்தது. எல்லாம் புகையிலைக்குப் பாய்ச்ச அந்தக் காலத்தில் வெட்டிய பண்ணைக் குளங்கள். இன்னாருடைய குளம், இன்னார் சித்தப்பா குளம் என்று எழுதியிருந்ததே தவிர, முகவரி கிடையாது. பழைய ஆட்களுக்கு அது போதும். நானும் கோயம்புத்தூர்க்காரரும் ஒவ்வொன்றாகத் தேடிப் போனோம். ஒன்றை மூடி அதன் மேல் வீடு கட்டியிருந்தார்கள். இன்னொன்றுக்குப் போகும் பாதையில் புதுவேலி. மற்றொன்றில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. ஒரு மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பவளுக்கு இதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. குளம் குளமாகப் போய், ஆழம் அளந்து, லாரி திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்து, ஃபோனில் ஒரு மேப் போட்டோம்.

அந்த வேலையில்தான் எனக்கு ஊர் தெரிந்தது. குளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் குளத்துக்காரரைப் பார்க்க வேண்டும். சமையலறை மேஜையில் உட்கார வைத்து, சர்க்கரை கரைத்த ஐஸ் டீ கொடுத்து, புகையிலை இலையைக் கீழிலிருந்து மேலாக எப்படி நாலு தடவை பறிப்பார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கேட் பூட்டின் எண்ணைக் கொடுப்பார்கள். கோயம்புத்தூர்க்காரர் திரும்பி வரும்போது காரில், "நம்மூர்ல வெள்ளாமை பேசற மாதிரியேதானுங்க்கா இருக்குது. மழை, விலை, ஆள் கிடைக்கல. அதேதான்," என்றார்.

ஒரே ஒருவர் மறுத்தார். எங்கள் கம்யூனிட்டியை ஒட்டிய நிலம் அவருடையது. எழுபதைத் தாண்டியவர், மனைவியோடு தனியாக இருந்தார். எங்கள் தெருவுக்கு மிக அருகில் இருந்த நல்ல குளம் அவருடையதுதான், வேலிக் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார். கதவருகே நின்றபடியே பேசினார்.

"என் டிராக்டர் ரோட்டுல மெதுவா போகுதுன்னு உங்க ஆளுங்க ஷெரிஃபைக் கூப்பிட்டாங்க. இந்த ரோட்டுல ஐம்பது வருஷமா ஓட்டறேன்."

"நான் கூப்பிடல, சார். ஆனா என் தெருக்காரங்க யாரோதான் கூப்பிட்டிருப்பாங்க. அதுக்கு நான் ஸாரி."

"சரி," என்றார். சங்கிலியைத் தொடவில்லை. மேப்பில் அந்தக் குளத்துக்குச் சிவப்புப் புள்ளி வைத்தோம்.

அடுத்த வசந்தத்தில், காற்று பலமாக இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஃபோன் அலறியது. அன்றாட மீட்டிங்கில் என் முறை வந்து நான் பேசிக்கொண்டிருந்தேன். முகவரியைப் பார்த்தேன். பூட்டு போட்ட குளத்துக்காரர் வீடு. "ஃபயர் கால், போறேன்," என்று சொல்லி லேப்டாப்பை மூடினேன்.

நான் ஸ்டேஷனுக்குப் போனபோது கோயம்புத்தூர்க்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டும் பெண் என்ஜினில் ஏறிவிட்டார். தெலுங்குப் பெண்ணும் மற்ற இரண்டு பேரும் அதிலேயே தொற்றிக்கொண்டார்கள். நான் லாரியை எடுத்தேன், கோயம்புத்தூர்க்காரர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். சீஃப் டவுனிலிருந்து தன் பிக்கப்பில் நேராக வந்துவிட்டார். ஆக ஏழு பேர். போன இலையுதிர் காலத்தில் இரண்டு பேர்.

எரிந்தது அவருடைய பழைய புகையிலைக் கொட்டகை. உள்ளே வைக்கோல் கட்டுகளும் கிழங்குப் பெட்டிகளும் இருந்தன. கொட்டகையைக் காப்பாற்ற முடியாது என்பது வரும்போதே தெரிந்தது. ஆனால் காற்று நேராக வீட்டைப் பார்த்து அடித்தது. முட்டி ஆபரேஷன் ஆகியிருந்த அவர் மனைவியைத் தெலுங்குப் பெண்ணும் சீஃபும் நாற்காலியோடு தூக்கி வெளியே கொண்டுவந்து மரத்தடியில் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் வீட்டுச் சுவரை நனைத்தார்கள். நான் கொண்டுபோன தண்ணீர் சில நிமிஷத்தில் தீர்ந்தது. மேப்பில் இருக்கும் அடுத்த குளத்துக்குப் போய் வருவதற்குள் வீடு பிடித்துக்கொள்ளும். சிவப்புப் புள்ளி வைத்த குளம் கண்ணெதிரே, வயலுக்கு அந்தப் பக்கம் மின்னிக்கொண்டிருந்தது.

குளத்துக்காரர் முற்றத்தில் நின்றிருந்தார். லாரியைப் பக்கத்தில் நிறுத்தி ஜன்னலை இறக்கினேன்.

"சார், உங்க குளம் வேணும்."

அவர் சாவியைத் தேடப் போகவில்லை. டிராக்டரில் ஏறி, முன்பக்கத்தால் அந்தக் கதவை ஒரே தள்ளாகத் தள்ளிச் சாய்த்துவிட்டு, எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். லாரியை அந்த வழியே ஓட்டிக் கரைவரை கொண்டுபோனேன். கோயம்புத்தூர்க்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மிதக்கும் பம்பைப் போட்டார். நிரப்பு, ஓட்டு, கொட்டு, திரும்பு. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒரு தடவைகூட என்னைத் தண்ணீர் தள்ளவில்லை. டவுன் ஸ்டேஷன் வண்டிகள் வந்து சேர்ந்தபோது கொட்டகை தரையோடு தரையாகியிருந்தது. வீட்டின் ஒரு பக்கச் சுவரில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. அவ்வளவுதான்.

ஹோஸ் சுருட்டிக்கொண்டிருந்தபோது குளத்துக்காரர் என்னிடம் வந்தார். முகமெல்லாம் கரி.

"நீங்க எங்கேருந்து வர்றீங்க?"

இந்தக் கேள்விக்கு இருபது வருஷமாக இந்தியா என்று பதில் சொல்லிப் பழக்கம். அன்று என்னவோ, அவர் வேலியைக் காட்டினேன்.

"அதுக்கு அந்தப் பக்கம். மூணாவது வீடு."

அவர் அந்தத் திசையில் திரும்பிப் பார்த்தார்.

"அந்த இடத்துலதான் எங்க குடும்பத்தோட நல்ல புகையிலை வெளைஞ்சது. அது நல்ல மண்," என்றார். பிறகு மனைவியிடம் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, மதியம் பே ஏரியா டீமோடு மறுபடி மீட்டிங்கில் உட்கார்ந்தேன். என் மேலாளர் என்ன ஆயிற்று என்று கேட்டார். வீடு தப்பித்தது என்றேன். திரையில் இருந்த பதினான்கு பேரும் கை தட்டினார்கள். நன்றி சொல்லிக் கேமராவை அணைத்துவிட்டு, காலையில் பாதியில் விட்ட டெஸ்ட் கேஸைத் திறந்தேன்.

இரண்டு வாரத்தில் குளத்துக்காரர் புதுக் கதவு போட்டார், பூட்டு இல்லாமல். மழையிலும் லாரி சிக்காமல் இருக்கக் கரைவரை ஜல்லி கொட்டினார். அவரோடு வயலில் ஒரு காலத்தில் வேலை செய்த, எங்கள் பட்டியலில் இல்லாத இன்னும் இரண்டு குளத்துக்காரர்கள் தாங்களாகவே ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்து, எங்கள் குளத்தையும் மேப்பில் போடுங்கள் என்றார்கள். எங்கள் கம்யூனிட்டியிலும் ஒன்று நடந்தது. டிராக்டர் பற்றி வாட்ஸ்அப்பில் யாராவது முணுமுணுத்தால் யாராவது ஒருவர் உடனே பதில் போட்டுவிடுவார்: "ப்ளீஸ் வெயிட் பண்ணுங்க, அவர் நம்ம பக்கத்து வீட்டுக்காரர்."

பரிசோதகர் கோடையில் வந்தார், வேலை நாளில், பகலில்தான் வந்தார். தண்ணீர் நிற்காமல் எவ்வளவு நேரம் கொடுக்க முடியும் என்று பார்ப்பதுதான் முக்கியமான சோதனை. பக்கத்து ஸ்டேஷன் லாரி ஒன்றும் எங்களோடு ஓடியது. தரையில் விரித்த தொட்டியில் அடி தெரிந்தால் தோற்றோம் என்று அர்த்தம். கணவர் லஞ்ச் பிரேக்கில் ஆலையிலிருந்து வந்து, பேட்ஜைக் கழற்றாமலேயே வேலியோரம் நின்று பார்த்தார். ஆலையில் இரவு ஷிப்ட் முடித்த சீஃபின் மகன் தூங்கப் போகாமல் அவர் பக்கத்தில் நின்றான். தொட்டியில் அடி தெரியவில்லை. பரிசோதகர் முகத்தில் எதுவும் காட்டிக்கொள்ளாமல் எழுதிக்கொண்டே இருந்தார். போகும்போது மட்டும் சீஃபிடம் அந்தக் குளத்து மேப் யார் போட்டது என்று கேட்டாராம்.

கடிதம் வர இலையுதிர் காலம் ஆகிவிட்டது. ஸ்டேஷனுக்காக வருஷா வருஷம் பார்பெக்யூ போட்டு விற்கும் சனிக்கிழமைவரை சீஃப் அதை யாரிடமும் காட்டவில்லை. அன்று டவுனில் அந்தப் பழைய ஏலக் கிடங்கு ஹாலில் கூட்டம் நிரம்பியிருந்தது. ஒரு பக்கம் பன்றி இறைச்சிப் பிளேட்டுகள், இன்னொரு பக்கம் நாங்கள் கொண்டுபோன எலுமிச்சை சாதமும் வடையும். வடை முதலில் தீர்ந்தது. ஆலைக்காரர்கள், குடோன்காரர்கள், குளத்துக்காரர்கள், எங்கள் கம்யூனிட்டி எல்லாரும் ஒரே நீள மேஜைகளில் உட்கார்ந்திருந்தார்கள். சீஃப் மைக்கைப் பிடித்து, ஸ்டேஷன் தேறிவிட்டது என்றார். முன்பு இருந்ததைவிட ஒரு படி மேலே தரம் கொடுத்திருக்கிறார்கள் என்றார். தண்ணீர் குடித்துவிட்டு, "இப்ப பகல் டியூட்டி ஆளுங்க பேரைப் படிக்கிறேன். எழுந்து நில்லுங்க," என்றார்.

கோயம்புத்தூர்க்காரரின் நீளமான பெயரை இரண்டாக உடைத்துப் படித்தார். தெலுங்குப் பெண்ணின் பெயரை ஒரு வழியாகத் தாண்டினார். என் பெயரில் நடுவில் ஒரு 'ழ' இருக்கிறது. அங்கே வந்து அவர் நின்றுவிட்டார். 'ல' என்று ஒரு தடவை முயன்றார், தலையை ஆட்டிக்கொண்டார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன், கேட்கவில்லை. நேராக மேடைக்குப் போய், அவர் காதுக்குப் பக்கத்தில் நின்று, நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, என் பெயரை மைக்கில் தெளிவாகச் சொன்னாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பெண், அந்த எழுத்தை அவ்வளவு சுத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சீஃப் மீசையைத் தடவிக்கொண்டு அவளைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். "இல்ல, இன்னும் பின்னாடி," என்றாள் அவள். ஹாலே அவரோடு சேர்ந்து மெதுவாக முயன்றது. குளத்துக்காரரின் உதடும் அசைந்தது. மூன்றாவது தடவை ஏறக்குறையச் சரியாக வந்தது.

நான் எழுந்து நின்றேன்.